மச்சான் வீட்டுக்கு மட்டும் தெரிந்த இணைப்பு

அந்த ஜீப்காரர் பேசும்போதெல்லாம் பின்னால் பஸ் ஹாரன் கேட்கும். வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் ஒரே ஒரு வளைவில்தான் அவருக்கு டவர் கிடைக்கும். அங்கே வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னை அழைப்பார். நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. மலைக்காரர்கள் சாமையும் தினையும் நேரடியாக விற்பதற்கான இணையதளம் ஒன்றுக்குக் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து பக்கங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். இன்னாருக்கு இந்த இணைப்பு தெரியட்டும், இன்னாருக்கு வேண்டாம் என்று நிபந்தனை போடுவது என் வேலை.

அவர் ஊரில் டவர் இல்லாததால் எல்லோரும் பதிவுக்கு ஜீப்காரர் நம்பரையே கொடுத்துவிட்டார்கள். ஓடிபி அவர் போனுக்குத்தானே வந்து சேரும். எங்கள் முதலாளியோ ஒரு நம்பருக்கு ஒரு ஆள் என்று விதி வைத்திருந்தார். அதனால் முதலில் பதிந்த வீட்டுக்கு மட்டும் 'சரக்கு விற்க' என்ற இணைப்பு தெரிந்தது. அந்த வளைவுக்கு வந்து திறந்துபார்த்த மற்றவர்களின் பக்கத்தில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. முதலில் பதிந்தது ஜீப்காரருடைய மச்சான் வீடு. வம்புக்கு வேறு காரணம் வேண்டுமா?

"மச்சான் வூட்டுக்கு மட்டும் வழி பண்ணிக்கினு எங்கள வுட்டுட்டான்னு சொல்றாங்க மேடம். பஸ்ஸுக்குக் காத்துக்கினு கெடக்கறாங்க, என் ஜீப்புல ஏற மாட்டேங்கறாங்க. நான் இன்னாங்க பண்ணேன்?"

முதலாளியிடம் மல்லுக்கட்டினேன். யோசிப்போம் என்றார். அவர் யோசித்து முடிக்கும்வரை ஜீப்காரர் தினமும் அழைத்தார். முதலாளி இன்னும் முடிவு சொல்லவில்லை என்று தெரிந்தும் போனை வைக்க மாட்டார். ஊரில் அவரோடு முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. பனி இறங்கியதையும் வண்டி காலியாக வந்ததையும் என்னிடம்தான் சொன்னார். "சாப்டீங்களா?" என்று கேட்பார். வாடகை அறையில் தனியாக இருந்த என்னை அப்படிக் கேட்க வேறு யாரும் கிடையாது. அவர் அழைக்கும் நேரத்துக்குப் போனைக் கையிலேயே வைத்திருக்கத் தொடங்கினேன்.

ஒருவழியாக முதலாளி இறங்கி வந்தார். நம்பரோடு வீட்டுத் தலைவர் பெயரையும் சேர்த்துப் பார்க்கும்படி நிபந்தனையை மாற்றினேன். ஒரு வரி வேலைதான். மறுநாள் ஜீப்காரர் அழைத்தார். பின்னால் ஆட்கள் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. வண்டி நிறைந்திருந்தது.

"எல்லாருக்கும் தெரியுதுங்க மேடம். இனிமே ஒங்களுக்குத் தொந்தரவு இல்ல."

சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை. இப்போதும் சில நாட்களில் அவர் நம்பரைத் தட்டுகிறேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. கிடைத்துவிட்டால்தான் என்ன, எதற்காக அழைத்தேன் என்று சொல்வேன்?