ஒட்டியிருந்த எட்டுப் பக்கங்கள்

போயா எனும் பௌர்ணமி விடுமுறைகளில் துறைமுகத்துக்குப் பக்கத்து வாசிகசாலையில் நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். ஒரே பிரதிதான் கைமாறிப் போகும். வாசித்தவர் கடைசி வெற்றுத்தாளில் கருத்தை எழுதி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும்.

அந்த மாதம் ஒரு நாவல். "நடுப்பகுதி சரியான இழுவை," என்றார் வங்கிக்காரர்.

"ஓம், நடுவில கதை நகரேல்ல," என்றார் ஆசிரியை. மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார்.

கடைசியாக வாசித்தவர் நிலாவெளியிலிருந்து வரும் தாதி. புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"நடுவில எட்டுப் பக்கம் வெட்டுப்படாமல் ஒட்டியிருந்தது. நான் சவர பிளேடால வெட்டித்தான் வாசிச்சனான். நீங்கள் எல்லாரும் எப்பிடி வாசிச்சனீங்கள்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதன் வருடக்கணக்காக இருந்து எழுதியதை வாசிக்காமலே தீர்ப்புச் சொல்ல இவர்களுக்கு வெட்கமில்லையா? கேட்கத்தான் வாயெடுத்தேன்.

தாதி கடைசித் தாளைப் புரட்டி என் முன்னால் தள்ளினார்.

"நடுப்பகுதி இழுவை." முதல் வரி என் கையெழுத்து. மற்ற மூவரும் அதைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார்கள்.