களத்துக் கம்பத்தில் கத்திய கேமரா

1. சத்தம் வரவில்லை

"அக்கா, கம்பத்து ஸ்பீக்கர் செத்துப்போச்சு. சின்ன முதலாளி சிங்கப்பூர்லேர்ந்து குதிக்கிறாரு. ஒடனே வாங்க."

போனில் பேசியவர் கும்பகோணம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் மேனேஜர். என் சர்வீஸ் வாடிக்கையாளர்களில் பெரிய இடம் அது. கையை விட்டுப் போனால் என் கடை ஆட ஆரம்பித்துவிடும். போட்டது போட்டபடி கிளம்பினேன்.

தஞ்சாவூரில் கேமரா மாட்டியே தலை நரைத்தவள் நான். பொம்பளை ஏணியில் ஏறுகிறாள் என்று வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிய காலமும் உண்டு. பார்த்தால் பார்க்கட்டும் என்று ஏறினேன்.

அந்த ஆலைக் களத்தில் அவித்த நெல் காயும். பெண்கள் அதைக் காலால் கிளறிக்கொண்டே நடப்பார்கள். களத்தில் கம்பம் நட்டு, எங்கிருந்தும் பார்க்கவும் ஸ்பீக்கர் வழியாகப் பேசவும் முடிகிற டூ-வே ஆடியோ கேமரா மாட்டியதும் நான்தான். நெல் திருடு போகாமல் இருக்க என்றார்கள், நம்பினேன்.

ஏறிப் பார்த்தால் ஸ்பீக்கரில் ஒரு கோளாறும் இல்லை. அதன் வாயில் ஈரச் சாக்கை வைத்துச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"யாரு கட்டுனது?" என்றேன்.

"நான்தான்" என்றார் தனம். களத்து வேலையை முன்னின்று நடத்துபவர். "பாதி காஞ்ச நெல்ல மத்தியானம் குவிச்சு மூடி ஆறப்போடணும். அந்த நேரத்துலதான் நாங்க சோறு திங்கிறது. பெரிய முதலாளிக்கு இது தெரியும். அவரு மவனுக்கு நாங்க உக்காந்திருக்கிறது மட்டுந்தான் தெரியுது. 'ஏய், எந்திரிங்க, குவியலப் பிரிங்க'ன்னு கம்பத்துலேர்ந்து கத்துறாரு. போன வாரம் பிரிச்சோம். அரைச்சா பூரா நொய்யி. அதுக்கும் என் மேலதான் பழி. நாளையிலேர்ந்து நான் வர வேணாமாம்."

பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "கங்காணி காலம் போச்சுன்னு நெனச்சோம். நீங்க அவனக் கம்பத்துல ஏத்தி வச்சிட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது.

2. காரைக்கால் சார் சொன்னது

என் கடை போர்டில் 'சர்வைலன்ஸ்' என்று பெரிதாக எழுதியிருக்கும். அதற்கு என்ன பொருள் என்று நான் யோசித்ததே இல்லை. முன்பொரு முறை காரைக்காலில் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் வீட்டு கேட்டுக்கு கேமரா மாட்டப் போனபோது அவர்தான் சொன்னார். தனம் பேசியதும் அது நினைவுக்கு வந்தது.

"அது பிரெஞ்சு வார்த்தைம்மா. 'சூர்'னா மேலே. 'வெயே'ன்னா தூங்காம முழிச்சிருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சி நேரத்துல, சந்தேகப்பட்ட ஆளுங்களக் கவனிக்க ஊருக்கு ஊர் கமிட்டி போட்டாங்க. அந்தக் கமிட்டிக்கு இதுதான் பேரு. அப்புறம்தான் இங்கிலீஷுக்குப் போச்சு."

"முழிச்சிருக்கிறது நல்லதுதானே சார்? சீக்காளி பக்கத்துல முழிச்சிருக்கோமே?"

"அதுக்கும் 'வெயே'ன்னுதான் சொல்லுவோம். பக்கத்துல ஒக்காந்து முழிக்கிறது வேற, மேலே ஏறிக்கிட்டு முழிக்கிறது வேற."

நம்மிடம் கண்காணி என்ற சொல் வெகுகாலமாகவே உண்டு. கண்ணால் காண்கிறவன், பேச்சில் கங்காணி. அறுப்புக் களத்தில் உழைத்தவன் நெல்லை மறைக்காமல் பார்க்க நிறுத்தியவனும் அவன்தான், இலங்கைத் தோட்டங்களில் கூலியாட்களை விரட்டியவனும் அவன்தான். என் அப்பா பண்ணை வயலில் ஒரு நிமிடம் நிமிர்ந்து நின்றதற்கு அவன் வாயால் ஏச்சு வாங்கியவர். அவர் மகள் நான், அதே வேலைக்குக் கம்பம் நட்டிருக்கிறேன். நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

3. ஏணியில் நின்றபடி

நான் இறங்குவதற்குள் சின்ன முதலாளி வீடியோ காலில் வந்துவிட்டார்.

"என்ன மேடம், சரியாயிடுச்சா? அவங்க கைக்கு எட்டாத ஒயரத்துல மாட்டிடுங்க."

"ஸ்பீக்கர் நல்லாத்தான் சார் இருக்கு. கேமராவோட சேத்துக் கழட்டப் போறேன்."

"வெளையாடுறீங்களா? என் களத்த நான் பாக்கக் கூடாதா?"

"நெல்லப் பாக்கணும்னுதானே சொன்னீங்க? அதுக்கு கேட்டுலயும் குடோன்லயும் கேமரா இருக்கு. இது இவங்க சோறு திங்கிற எடம். இல்ல, பாத்தே ஆவணும்னா ஒங்க ஆபீஸ்ல ஒங்க டேபிளுக்கு மேலயும் ஒண்ணு மாட்டுங்க. நான் களத்துல ஒரு டிவி வச்சுத் தர்றேன். நீங்க எவ்ளோ நேரம் டீ குடிக்கிறீங்கன்னு இவங்களும் பாக்கட்டும். தனம் இங்கேர்ந்து கத்துனா எந்திரிப்பீங்களா சார்?"

கீழே பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "வேற ஆள வச்சுப் பாத்துக்கிறேன்" என்று அவர் போனை வைத்தார். நான் கேமராவையும் ஸ்பீக்கரையும் கழற்றி மேனேஜர் கையில் கொடுத்தேன்.

வெயில் இறங்கியதும் குவியலைப் பிரிக்கவேண்டிய நேரம் வந்தது. பிரிக்காமல் விட்டால் நெல் உள்ளுக்குள் சூடேறிக் கெட்டுவிடும். ஆனாலும் ஒரு பெண்ணும் எழவில்லை. "தனம் நாளைக்கு வரும்னு சொல்லுங்க, பிரிக்கிறோம்" என்றார்கள். மேனேஜர் கெஞ்சினார், மிரட்டினார். கடைசியில் பெரிய முதலாளியே வீட்டிலிருந்து வந்தார். குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"தனம், நீ எப்பவும் போல வா. மவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அதற்குப் பிறகுதான் எழுந்தார்கள்.

அந்த ஆலை ஒப்பந்தம் என் கையை விட்டுப் போய்விட்டது. சின்ன முதலாளி சொன்னதைக் கேட்டு இன்னும் சில ஆலைக்காரர்களும் என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு நாளும் வருந்தவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேமரா யாரைப் பார்க்கப் போகிறதோ, அவர்களிடம் போய்க் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் டிரில்லிங் மெஷினைப் பைக்குள் வையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். "காசு குடுக்கிறது நான், அவங்கள எதுக்கும்மா கேக்குற?" என்று முதலாளிகள் எரிந்து விழுகிறார்கள். களம் அவர்களுடையதாக இருக்கலாம். ஏணி என்னுடையது.