டொரொண்டோவிலிருந்து தூத்துக்குடிக்குப் பதினாறு மணி நேரமாம்!

மகளைக் கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்தவளுக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று தானாக வந்து சேரும்: ஆகாயத்தில் விமானம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே குழம்பு வைப்பது. உங்களில் பாதிப் பேர் இதே வேலையில் இருப்பீர்கள். நான் பட்ட பாட்டையும் கேளுங்கள்.

நேர்கோடு

ஆறு மாதக் கர்ப்பிணியான என் மகள் மீனா, தலைப்பிரசவத்துக்காக டொரொண்டோவிலிருந்து தனியாகக் கிளம்பினாள். ஃபோனில் இரண்டு ஊரையும் தட்டினேன். பதினாறு மணி நேரம் என்றது. எங்கள் நெல்லை டவுண் முழுக்கச் சொல்லி வைத்தேன். தோஹாவிலும் சென்னையிலும் இறங்கி ஏறுவாள் என்று தெரியும்; அந்தக் காத்திருப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறதாக்கும் என்று நினைத்துவிட்டேன். அதுவோ எங்கும் நிற்காமல் நேர்கோட்டில் பறக்கிற கணக்கு. அப்படி ஒரு விமானமே கிடையாது!

பதினாறு மணி தீர்ந்ததோ இல்லையோ, உடன்குடியிலிருந்து சம்பந்தியம்மாள் கூப்பிட்டுவிட்டார்: "நீங்க சொன்ன நேரம் தாண்டிட்டே மதினி! இறங்காம எங்கன சுத்துது அந்தப் பிளேனு?"

கடலுக்கு மேலே

தோஹாவில் ஏறிவிட்டாள் என்று தெரிந்ததும் ஃபோன் வரைபடத்தை விரித்து வைத்தேன். குட்டி விமானம் நகர்ந்து வந்து, அரபிக்கடலுக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, விமானம் அசையவில்லை. நெல்லையப்பருக்கு நேர்ந்துகொண்டேன், கான்வென்டில் படித்த பழக்கத்தில் மாதாவுக்கும் ஒரு மெழுகுவர்த்தி.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டுச் சாவகாசமாக எட்டிப் பார்த்தார். "ஏட்டி, பிளேன் நிக்கல. நம்ம வீட்டு நெட்டுல்லா நின்னு போச்சு."

கேட்கக் கூடாத கேள்வி

சென்னையிலிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: கால் வீங்கியிருக்கிறது, அடுத்த விமானம் தாமதம். அப்புறம் அவள் ஃபோன் கிடைக்கவில்லை. அதற்கு மேல் வீட்டில் இருப்புக் கொள்ளுமா? காரை எடுக்கச் சொன்னேன்.

படியிறங்குகிறவளை "எங்கே" என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். அதற்காக அடுத்த வீட்டுச் செல்லம்மா கேட்காமல் விடுவாளா? வாசலில் நின்று, 'எங்கே'யை மட்டும் விட்டுவிட்டுக் கேட்டாள்: "என்னக்கா, தூரமா?"

சக்கர நாற்காலி

தூத்துக்குடி விமான நிலையத்தில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், மீனாவைத் தவிர. கடைசியாக ஒரு சக்கர நாற்காலி உருண்டு வந்தது. அதில் என் மகள். "வலிக்குதா? ரத்தம் ஏதும் பட்டுதா?" என்று கேட்டபடியே ஓடிப் போய் நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டேன்.

அவள் சாவதானமாக எழுந்து நின்றாள். "ஒண்ணுமில்லம்மா. பிள்ளை நல்லா உதைக்கு. வரிசையில நிக்க முடியலன்னு நாற்காலி கேட்டேன். நீ மொதல்ல இதுல உக்காரு."

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று கான்வென்ட் சிஸ்டர் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித் தந்தார். வயிற்றில் கரைகிற புளியை எதால் வகுப்பது என்று, பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?