படாக் குவளையில் நீலம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் மதராஸில் ஆராய்ச்சி மாணவி. மின்சாரம் பாய்ச்சினால் நீலமாக ஒளிரும் கரிம மூலக்கூறு ஒன்றை உருவாக்குவதுதான் என் வேலை. ஆந்த்ரசீன் வளையங்களின் ஓரத்தில் ஓர் அணுத் தொகுதியை ஒட்டிப் பார்ப்பேன், சரிவராவிட்டால் வேறொன்று. பச்சை சொன்ன பேச்சு கேட்கும். நீலத்துக்கு ஆற்றல் அதிகம் வேண்டும். அந்த ஆற்றல் ஒளி தருகிற மூலக்கூறையே உடைத்துவிடும். எத்தனையோ படிகங்கள் என் கண்ணெதிரே மினுங்கி அணைந்தன. எரிச்சலில் குடுவையைப் போட்டு உடைத்ததும் உண்டு.

விடுமுறைக்குக் கப்பலேறித் தீவிலிருக்கும் எங்கள் லம்பா லைன் வீட்டுக்கு வந்தால், ஜன்னலோரம் அதே நீலம்!

மரக்குவளையில் தண்ணீர். காலை வெயில் விழுந்த இடத்தில் மட்டும் யாரோ உள்ளே கண் விழித்ததுபோல் நீலம். கையால் மறைத்தேன், போனது. கையை எடுத்தேன், வந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. அதற்கு அக்கரையில் எங்கள் சொந்த ஜில்லாவில் வேங்கை மரக் குவளையில் ஊறிய தண்ணீர் குடிப்பார்கள். இங்கே வேங்கைக்கு எங்கே போவது? அதன் பங்காளியான படாக்கில் அம்மா ஒரு குவளை கடையச் சொல்லி வாங்கியிருந்தாள். ரங்கத் காட்டில் அப்பா காலமெல்லாம் வெட்டிய மரம் அது.

"நான் சாய்ச்ச மரம் உள்ளேருந்து பாக்குது. அது பாக்குற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆஸ்பத்திரில சுயி குத்துறதெல்லாம் வேணாம், இதுவே பஸ், போதும்," என்றார் அப்பா, தீவு ஹிந்தி கலந்து.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மரத்துல இருக்கிற சத்து கரையுதுப்பா. தீர்ந்துபோகும்," என்றேன். சொன்னபடியே நீலம் நாளுக்கு நாள் வெளுத்தது. கூடவே அப்பாவும் வெளுத்தார், சாப்பாட்டைத் தள்ளிவைத்தார்.

"நீலம் பண்ணத்தானே படிக்கிற? இதுல வரவைடி," என்று அழுதாள் அம்மா.

குவளையின் உட்புறத்தைச் சுரண்டினேன். புது மரம் தெரிந்தது, நீலம் வந்தது. "தேக்கோ, இங்க பாரு, வந்துருச்சு!" என்று அப்பா குழந்தைபோல் சிரித்தார். அந்தச் சந்தோஷத்திலேயே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். அதன்பின் நீலம் தெரிந்த நாளில் மட்டும் ஊசிக்குக் கையை நீட்டுவார். நான் சுரண்டிக்கொண்டே இருந்தேன். குவளை மெலிந்தது.

"இன்னும் எத்தனை தடவைம்மா சுரண்டலாம்?" என்று கேட்டார்.

விடுமுறை முடிந்து மதராஸுக்குத் திரும்பினேன். மேலும் சுரண்ட வழியில்லாமல் நீலம் நின்றதும் அப்பா ஊசியை நிறுத்திவிட்டார். தந்தி வந்து, எனக்குக் கப்பல் கிடைத்து, ஃபீனிக்ஸ் பே துறையில் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

குவளை முற்றத்தில் காய்ந்து கிடந்தது. மழை விட்ட ஒரு காலையில் அம்மா கூப்பிட்டாள். குவளை நிறைய மழைத்தண்ணீர். அதில் நீலம், முன்பு பார்த்ததையெல்லாம்விட அழுத்தமாக.

"பாருடி, வந்துட்டாரு."

காய்ந்த மரம் உள்ளே கீறல் விட்டிருக்கும். மிச்சச் சாறு அதன் வழியாக இறங்கியிருக்கும். காரணம் தெரிந்தும் பயமாக இருந்தது. அம்மாவிடம் காரணத்தைச் சொல்லிவிடலாம் என்று குவளைமேல் குனிந்தேன். என் நிழல் விழுந்து நீலம் அணைந்தது.

"ஐயோ!" என்றாள் அம்மா.

சட்டென்று விலகி நின்றேன்.