அம்மாவின் முறம்

அன்று அடி அண்ணாமலைக் கடலை மண்டியில் இருந்தவர்கள் நான்கே பேர்: கடலை புடைத்துக்கொண்டிருந்த அம்மா, கூட வேலை செய்த சரோஜா அக்கா, டேப்ரெக்கார்டரோடு வந்த பாட்டுக்காரர், மைக்கில் தூசி படிந்தால் அம்மாவைத் திட்டுவாரோ என்று மைக்கையே பார்த்து நின்ற நான். சர்ரென்று இழுத்து டப்பென்று தட்டும் அம்மாவின் முறச் சத்தத்தைப் பாட்டுக்காரர் தன் பாட்டுக்குத் தாளமாகப் பதிவு செய்துகொண்டு, முந்நூறு ரூபாய் தருவதாகச் சொல்லிப் போனார். என்னை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மா அதைத்தான் நம்பியிருந்தாள். கேசட் வந்தது, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதை முழுக்க அம்மாவின் முறம் ஒலித்தது. பணம் மட்டும் வரவில்லை, என் படிப்பு ஐந்தாவதோடு நின்றது.

அடுத்த கேசட்டுக்காகப் பாட்டுக்காரர் மறுபடியும் வந்தார். அம்மா சிரித்தபடி முறத்தை அவரிடமே நீட்டினாள்.

“இந்த வாட்டி நீங்களே பொடைங்க சார்.”

அவர் புடைக்க, கடலை தரையெல்லாம் சிதறி, தூசி வெள்ளைச் சட்டையில் அப்பியது.

“சாருக்குத் தாளம் கம்மி, தும்மல் ஜாஸ்தி!” என்றாள் சரோஜா அக்கா.

முறம் இல்லாமல் வந்த அந்தக் கேசட் விற்கவில்லை என்று கேள்விப்பட்டதும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். உடைத்துவிட்டு, பாவமோ என்று பயந்தேன்.

மண்டி இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். நேற்று அதன் வாசலில், வறுத்த கடலை வாசனைக்கு நடுவே அந்த முதல் பாட்டு ஓடியது. கடலை விற்றவரிடம் சொன்னேன்: “இது எங்கம்மா மொறம். முந்நூறு ரூபா இன்னும் பாக்கி.”