படகோட்டிக்கு ஒரு படம்

என்னிடம் அட்டை கிழிந்த ஒரு பழைய மாயாஜாலக் கதைப் புத்தகம் இருக்கிறது. ராட்சசன் கோட்டையிலிருந்து இளவரசியை ராஜகுமாரன் மீட்கிற கதை. யாராவது அதைப் படமாக எடுத்தால் பறக்கும் குதிரையையும் வாள் சண்டையையும்தான் காட்டுவார்கள். போகட்டும். எனக்குப் பிடித்தது நடுவில் வந்துபோகும் இரண்டே பக்கம்.

ராட்சசனை ஏமாற்ற, ஒரு பணிப்பெண்ணுக்கு மந்திரத்தால் இளவரசியின் முகத்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அவளைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. ஆற்றைக் கடத்திவிடும் படகோட்டிக்கு மட்டும் தெரிகிறது. அவள் எப்போதும் இடது காலால் படகை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஏறுவாள். “நீ யாரென்று எனக்குத் தெரியும்” என்கிறான். அவ்வளவுதான். பிறகு அவளுக்குப் பழைய முகம் திரும்பியதா, அவனைக் கட்டிக்கொண்டாளா, ஒரு வரிகூடக் கிடையாது. எழுதியவர்மேல் எனக்கு இன்னும் கோபம். ஆனாலும் ஒரு காதலை இத்தனை சின்னதாக, இத்தனை அழகாகச் சொன்ன அந்தக் கையைக் கும்பிடலாம்.

ஒரகடம் கார் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், கூட வரும் ஒருத்திக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். தென்காசிப் பக்கத்துப் பெண், என் லைனில்தான் வேலை. மறுநாளே, “இந்த ரெண்டு பக்கத்தைத்தான் படமா எடுக்கணும். ராஜகுமாரனை வேற யாரும் எடுத்துக்கிடட்டும்” என்றாள். அந்த மாதத்தோடு அவளுடைய கான்ட்ராக்ட் முடிகிறது. ஊரில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “நாமே எடுப்போம்” என்று மட்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலம் ஏரிக்கரை. மீன்பிடிக்கிறவர் ஒருவரிடம் படகை இரவல் வாங்கினேன். என் போனை அவளுடைய அறைத்தோழி பிடித்தாள். “வெயில்ல ஒண்ணும் தெரிலண்ணா. செவப்புப் புள்ளி மட்டும் ஓடிக்கினு கீது” என்றாள். பதிவாகிறது என்றுதான் அர்த்தம், அது ஓடினால் போதும் என்றேன்.

நான்தான் படகோட்டி. எனக்கு ஒரே ஒரு வரி, அதையும் குளறினேன். புத்தகத்தில் இல்லாத பதிலை அவளே எழுதியிருந்தாள்: “எந்த முகத்தோட வந்தாலும் உங்ககிட்டதான் வருவேன்.” துளியும் தடுமாறாமல் சொன்னாள். என்ன நடிப்பு என்று அசந்துபோனேன்.

மறுநாள் பஸ்ஸில் போட்டுப் பார்த்தால் முழுக்க இருட்டு. கம்பெனி வாசலில் செக்யூரிட்டி எல்லார் போன் கேமராவிலும் ஸ்டிக்கர் ஒட்டுவார். வெளியே வந்ததும் மற்றவர்கள் அதை உரித்துவிடுவார்கள். எப்படியும் திரும்ப ஒட்டத்தானே போகிறார் என்று நான் உரிப்பதே இல்லை. என் சோம்பலைத் திட்டிக்கொண்டே அணைக்கப் போனேன். இயர்போனில் குரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. நான் படகைக் கரையில் ஏற்றப் போன பிறகும் தோழி நிறுத்த மறந்திருக்கிறாள்.

“இன்னாடி, இந்த நடிப்பு நடிக்கிற?”

“நடிக்கலக்கா. நெசமாத்தான் சொன்னேன். அவியளுக்குத்தான் வெளங்கல.”

திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பெயின்ட் பகுதியில் எல்லாருக்கும் ஒரே வெள்ளை அங்கி, தொப்பி, மாஸ்க். கண் மட்டும்தான் தெரியும். உள்ளே போகும் கதவருகே பத்துப் பன்னிரண்டு பேர் எனக்கு முதுகு காட்டி வரிசையில் நின்றார்கள். அதில் ஒருத்தி குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டினாள். ஒரு வருடமாக அந்தத் தட்டலைத் தினமும் பார்க்கிறேன். நேராக அவளிடம் போனேன்.

“நீ யாருன்னு எனக்குத் தெரியும்.” இந்த முறை குளறவில்லை.

மாஸ்க்குக்கு மேலே அந்தக் கண்கள் கலங்கிவிட்டன.

“இப்பமாவது தெரிஞ்சுதே! எங்க ஐயாட்ட பொண்ணு கேட்டு எப்ப வாரீய?”