ஒபேனின் கல்யாணப் புட்டி

எபெர்னே ஊரில் பெல்மொரே ஷாம்பெய்ன் நிறுவனத்தின் பெருமையைச் சொல்ல ஆளா இல்லை? துணி விற்ற பாட்டனார் திராட்சைத் தோட்டம் வாங்கியது, பேரன் ரஷ்ய அரண்மனை வரை சரக்கு அனுப்பியது எல்லாம் மேல்மாடியில் தங்கச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அன்செல்முக்கு அங்கே படமும் இல்லை, சட்டமும் இல்லை. அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் கீழே, சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறையில், ஒற்றை மெழுகுவர்த்தியோடு புட்டி திருப்பிக்கொண்டிருந்தார்.

புட்டிக்குள்ளேயே ஒயின் மறுபடி பொங்கும்போது அடியில் வண்டல் தங்கிவிடும். துளைப் பலகையில் தலைகீழாகச் சாய்த்துவைத்து, தினமும் ஒரு குலுக்கு, ஒரு திருப்பு என்று கொடுத்தால் வண்டல் மெல்லத் தக்கைக்கு இறங்கும். இறங்கிய பிறகு தொடவே கூடாது. தொட்டால் காரியம் கெட்டது. அன்செல்முக்கு இது தெரியாதா? ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

பெல்மொரேயில் ஒரு வழக்கம். தொழிலாளி வீட்டில் பிள்ளை பிறந்தால், அந்த வருஷத்துப் புட்டி ஒன்றை அதன் பேரில் ஒதுக்குவார்கள். வண்டல் இறங்கியபின் தலைகீழாகவே கிடக்கும். கல்யாணத்துக்குத்தான் தக்கையை எடுப்பார்கள். அன்செல்மின் மகன் ஒபேனுக்கும் ஒன்று கிடந்தது. அவனைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். அப்பனும் பிள்ளையும்தான் குடும்பம்.

வளர்ந்த ஒபேன், அந்த இருட்டுக்குள் இறங்க மாட்டேன், லியோனில் பட்டறை வேலைக்குப் போகிறேன் என்றான். அன்செல்முக்கு மூக்குக்கு மேல் கோபம். போனால் திரும்பி வராதே என்று சொல்லித் தொலைத்தார். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? பிடிவாதத்தில் பிள்ளையும் அப்பனேதான். வரவே இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சூப் கிண்ணம் ஒன்றுதான் மேசைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் சீட்டாடப் போக, இவர் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை எப்போது விடியும் என்றிருக்கும். பாவம், அவ்வளவு தனிமை.

வருஷங்கள் கழித்து ஒபேன் ஒருநாள் காலை வந்து நின்றான். லியோனில் சனிக்கிழமை கல்யாணம், புட்டியை வாங்கிப்போக வந்தேன் என்று தக்கை எடுக்கிற கஸ்தோனிடம்தான் சொன்னான். பக்கத்தில் நின்ற அப்பனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மூவரும் உள்ளறைக்குப் போனார்கள். வரிசை முழுக்கப் புட்டிகள் விரல் கனத்துக்குத் தூசி மூடிக் கிடந்தன. ஒபேனின் புட்டி மட்டும் நேற்றுத் துடைத்ததுபோல் பளபளத்தது. கஸ்தோன் அதை மெழுகுவர்த்திக்கு நேரே பிடித்தார். உள்ளே ஒரே கலங்கல்.

"எந்த நாசமாப்போனவன்யா இதத் தொட்டது?" என்றார். பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாள் ரெண்டு நாள் தொட்டதில்ல தம்பி இது. விடாம தொட்டிருக்கு ஒரு கை."

அன்செல்ம் தன் மரச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேலை முடிஞ்சு போறப்ப இங்க வருவேன்," என்றார். "கை சும்மா இருக்கலடா. கல்யாணப் புட்டிய நானே கெடுத்துட்டேன்."

ஒபேன் புட்டியை வாங்கி, தூசியில்லாத கண்ணாடியைத் தடவிப் பார்த்தான். பிறகு கஸ்தோனிடம், "எடுங்க தக்கைய. இங்கயே குடிச்சிரலாம்," என்றான்.

கலங்கல் ஒயின் புளித்தது. வாயில் மண்டி நெருடியது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மாலை ரயிலுக்குக் கிளம்பும்போதுதான் ஒபேன் அப்பனைப் பார்த்தான்.

"சனிக்கிழமைப்பா. வாங்க."

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

மறுநாள் வேலை முடிந்ததும் கால் பழகிய இடத்துக்கே போனது. கை நீண்டு, காலித் துளைக்குள் ஒன்றுமில்லாததை ஒரு திருப்புத் திருப்பியது. அன்செல்ம் கையை இழுத்துக்கொண்டார். பிறகு படியேறி, அந்தத் தங்கச் சட்டங்களைத் தாண்டிப் போய், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக விடுப்புக் கேட்டார்.